கரண்டு வேன் செஞ்சது நான்தானுங்க

சித்த நகந்து உக்காருங்க தம்பி. பை இருந்தா இருக்கட்டுமுங்க, மடியில வெச்சுக்கலாம். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான் போறேன். ஒண்டிப்புதூர்ல எறங்கணும். பல்லடத்துல ஏறுனா ஒரு மணி நேரம் ஆயிரும், சும்மா உக்காந்துட்டுப் போனா பொழுது போகாது. அந்தப் போனை எடுத்து உள்ள வெச்சுருங்க, கண்ணுக்குக் கெடுதி. இதைப் பாருங்க.

போன வாரத்துப் பேப்பருங்க. மடிப்புல கிழிஞ்சுரும், பாத்துப் பிடிங்க. போட்டோவுல யாரு யாரு தெரியறாங்க? வேனுக்கு இந்தப் பக்கம் நிக்கறது என்ர ஊட்டுக்காரி ருக்குமணி. அந்தப் பக்கம் கண்ணாடி போட்டுட்டு நிக்கறது லூர்துமேரி, பல்லடத்துல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்குது. அதுக்கும் ஓரத்துல பாருங்க. படத்தைச் சுத்திக் கோடு போட்டிருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல. ஒரு முழங்கை தெரியுதுங்களா? அது நான்.

முழங்கையோட வெட்டிட்டானுங்க.

மேல என்ன போட்டிருக்கான்? ‘பழைய வேனை மின்சார வேனாக மாற்றிய இரு பெண்கள்.’ கடைசிப் பத்தியில ஒரே ஒரு வரி: ‘ருக்குமணியின் கணவர் சென்னியப்பனும் ஊக்கம் அளித்தார்.’ ஊக்கமுங்க! அந்த ரிப்போர்ட்டர் பையன் எங்கூட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் எங்கிட்ட மட்டும்தான் பேசுனான். இல்லீங்க, நான்தான் பேசுனேன், அவன் எழுதிட்டிருந்தான். இல்ல, ஆரம்பத்துல எழுதுனான், பொறவு பேனாவை மூடி வெச்சுட்டான். எல்லாம் மனசுல ஏத்திக்கறான்னு நெனச்சேன். கடைசியில எனக்கு ஊக்கம்!

அதான் நேராப் பேப்பர் ஆபீசுக்கே போறேன். திருத்தம் போடுங்கன்னு கேக்கப்போறேன். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க தம்பி. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன், கூட்டிக் குறைச்சுச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது. இருபத்தெட்டு வருசம் ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவன் நான்.

எங்க ஊரு ஓடக்காட்டுப்புதூர். மெயின் ரோட்டுல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ள. பஸ்ஸு காலையில ஒம்போதுக்குத்தான் வரும். பனியன் கம்பெனியில எட்டரைக்குக் கேட்டை மூடிருவாங்க. எங்கூர்ல இருந்து பதினோரு பொம்பளைங்க அந்தக் கம்பெனிக்குப் போறாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போயி சாயங்காலம் கூட்டிட்டு வர்றது ருக்குமணியோட வேன். மில்லை மூடுனதுக்கப்புறம் வூடு நடக்கறதே அதுலதானுங்க. நான் வேணாம்னேன். பொம்பள வேன் ஓட்டுனா ஊரு என்ன பேசும்னேன். ஊரு என்ன பேசுச்சு? ஒண்ணும் பேசல. ஏறி உக்காந்துக்கிச்சு.

போன வருசம் ஆடி மாசம் அந்த வேன் நின்னு போச்சு. இஞ்சின் மொத்தமா பிடிச்சுக்கிச்சுங்க. மெக்கானிக்கு பாத்துட்டு, இதுக்குச் செலவு பண்றதும் கெணத்துல கொட்டறதும் ஒண்ணுன்னுட்டான். ருக்குமணி ரெண்டு நாள் வேனைச் சுத்திச் சுத்தி வந்தா. மூணாம் நாள் பல்லடம் போயி இந்த லூர்துமேரியைக் கூட்டிட்டு வந்துருச்சு. ரெண்டு பேரும் சின்னப்புள்ளையில ஒரே பள்ளிக்கூடம். மேரியோட ஊட்டுக்காரர் செத்துப்போனதுக்கப்புறம் அவர் கடையை அதுதான் நடத்துது. பம்பு செட்டு, கிரைண்டர், மில்லு மோட்டாரு, எதைக் குடுத்தாலும் காயில் கட்டிக் குடுத்துரும்.

அது வேனுக்கு அடியில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சு, “இஞ்சினைத் தூக்கிட்டு மோட்டார் வெச்சுருவமா ருக்கு?”ன்னுச்சு, என்னமோ தோசைக்குப் பதிலா இட்லி ஊத்தலாமாங்கற மாதிரி.

“ஓடுமா?”ன்னு கேட்டா இவ.

“ஃபோர்க்லிஃப்ட்டு ஓடுதில்ல? பாரத்தைத் தூக்கிட்டு ஓடுது. இது ஏன் ஓடாது? அந்த மாதிரி ஒரு மோட்டார் வேணும், அவ்வளவுதான்.”

இங்கதானுங்க தம்பி நான் உள்ள வர்றேன். கவனமாக் கேளுங்க. எங்க மில்லுல ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்துச்சு, பஞ்சுப் பேல் தூக்கறதுக்கு. மில்லை மூடுனப்ப அதைப் பழைய இரும்புக் கடைக்காரன் எடுத்துட்டுப் போயி வேலியோரமா போட்டிருந்தான். அது அங்க கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும். நான் சொன்னேன். சரி, உடனே சொல்லல. இவங்க ஒன்றரை மாசம் தேடி அலைஞ்சு முடிச்சதுக்கப்புறம் சொன்னேன். கேட்டாத்தானுங்க சொல்ல முடியும்? எங்கிட்ட யாரும் கேக்கல.

அந்த மோட்டாரைக் கழட்டிட்டு வந்து மேரி உள்ள கெடந்த பழைய செம்புக் கம்பி பூராத்தையும் உருவிட்டுப் புதுசாக் கட்டுச்சு. பதினெட்டு நாள். நான் தெனமும் பஸ் ஏறிக் கடைக்குப் போயிருவேன். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துட்டே இருப்பேன். சூப்பர்விஷன் இல்லாம எந்த வேலையும் ஆகாது பாருங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவை, “எண்ணிக்கை சரியா மேரி?”ன்னு கேப்பேன். ஒரு நாள், “அண்ணா, நீங்க கேக்கக் கேக்க எண்ணிக்கை விட்டுப்போகுதுங்ண்ணா”ன்னுச்சு. அதுக்குத்தாம்மா நான் கேக்கறேன், விட்டுப்போகக் கூடாதுன்னுதான் கேக்கறேன்னேன். அடுத்த நாள்ல இருந்து அது காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுது. மோட்டார்க் கடையில சத்தம் ஜாஸ்திங்க, பாவம்.

கியர் பாக்ஸையும் மோட்டாரையும் சேக்கறதுக்கு நடுவுல ஒரு இரும்புத் தட்டு வேணும். ஓட்டை ஒரு நூலு தள்ளிப்போனாலும் ஒண்ணோடொண்ணு சேராது. ருக்குமணி என்ன பண்ணுனா, காலண்டர் அட்டையை எடுத்து கியர் பாக்ஸ் மேல வெச்சுச் சுத்திலும் பென்சில்ல வரைஞ்சு, ஓட்டை வர்ற எடத்துலெல்லாம் மை தடவி அச்சு எடுத்து, அந்த அட்டையை அப்படியே லேத்துக் கடைக்குக் கொண்டுபோயிட்டா. லேத்துக்காரர் பாத்துட்டு, “இதை எந்த இஞ்சினியருங்க போட்டுக் குடுத்தது?”ன்னாராமா. நல்லாக் கேளுங்க தம்பி, அந்தக் காலண்டர் யாரு வாங்கிட்டு வந்தது? நான். தீபாவளிக்கு மளிகைக் கடையில வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தது. இதெல்லாம் பேப்பர்ல வருதுங்களா?

அடுத்தது பேட்டரி. செல்போன் டவர்ல பழசுன்னு கழட்டிப் போடுவாங்க பாருங்க, செங்கல்லு மாதிரி. அதை மொத்தமா எடுத்துட்டு வந்தாங்க. அதுல பாதி உசுரோட இருக்கும், பாதி செத்திருக்கும். எதுவும் வெளிய பாத்தாத் தெரியாது. ஒவ்வொண்ணையும் சார்ஜ் ஏத்தி, எறக்கி, எத்தனை நேரம் தாங்குதுன்னு பாக்கணும். மூணு வாரம் எங்கூட்டு நடையில உக்காந்து ரெண்டு பேரும் பாத்தாங்க. நல்லதுல சாக்பீஸ்ல ஒரு கோடு, கெட்டதுல பெருக்கல் குறி.

நான் ஒரு நாள் பாக்கறேன், நடை பூரா ஒரே கிறுக்கல். தூசி வேற. எங்க மில்லுல ஒரு மெசின்ல சாக்பீஸ் கோடு இருந்தா அந்த ஷிப்டுக்கே மெமோ குடுப்பேன். அவங்க ரெண்டு பேரும் லேத்துக் கடைக்குப் போயிருந்த நேரம். சரி, வர்றதுக்குள்ள ஒரு உபகாரம் பண்ணி வெப்போம்னு ஈரத் துணியை எடுத்து அத்தனையையும் பளபளன்னு தொடைச்சு, அளவு பாத்து வரிசையா அடுக்கி வெச்சுட்டேன்.

வந்து பாத்தாங்க.

மேரி அப்படியே நடையில உக்காந்துருச்சு. ருக்குமணி என்னைப் பாத்தா. “ஏனுங்க, சாப்பிட்டீங்களா?”ன்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன். “அப்படின்னா போயிப் படுங்க”ன்னா. அவ்வளவுதானுங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டறதுக்கு அதுல என்ன இருக்குது, சொல்லுங்க. மறுபடி மொதல்ல இருந்து மூணு வாரம் பாத்தாங்க. ரெண்டு தடவை பாத்ததுனாலதான் இன்னிக்கு அந்த பேட்டரி இத்தனை நல்லா நிக்குதுன்னு நான் சொல்றேன். அவங்க ஒத்துக்கமாட்டாங்க.

அந்த மூணு வாரத்துல ஒரு சங்கடம் நடந்து போச்சுங்க. சொல்லாம விடக்கூடாது. அதுவரைக்கும் அந்தப் பொம்பளைங்க கெடைச்ச வண்டியில தொத்திக்கிட்டும், நாலு கிலோமீட்டர் நடந்தும் கம்பெனிக்குப் போயிட்டிருந்தாங்க. அப்படியும் நேரமாயிரும். கம்பெனிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, சம்பூரணத்தையும் அவ தங்கச்சியையும் நிறுத்திட்டான். மத்தவங்களுக்கும் மாசக் கடைசி வரைக்கும்தான் கெடுன்னுட்டான். சம்பூரணம் எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. ருக்குமணிகிட்ட ஒண்ணும் கேக்கல. என்னையத்தான் பாத்தா. பாத்துட்டே நின்னுட்டுப் போயிட்டா. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. ஏன்னு தெரியலீங்க. வெயிலா இருக்கும்.

சூலூர் வந்துருச்சா? இல்லீங்க, இது காரணம்பேட்டை. நேரமிருக்குது.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கறப்ப வேன் தயாராயிருச்சு. வீதியில ரெண்டு வாட்டி ருக்குமணி ஓட்டிப் பாத்தா. சத்தமே இல்ல. பொட்டு சத்தம் இல்லீங்க. பிரேக்குக்குன்னு மேரி ஒரு குட்டி பம்பு வெச்சிருந்துச்சு, அது மட்டும் கிர்ர்ருங்கும். அதையும் கழட்டிருங்கன்னேன். இஞ்சின் இல்லாததுனால அது இல்லாட்டி பிரேக்கு கல்லாட்டம் ஆயிரும்ங்ண்ணா, காலால எட்டி மிதிச்சாலும் நிக்காதுன்னுச்சு. சரி போகட்டும்னு விட்டுட்டேன். நான் அனுமதி குடுத்ததுனாலதான் அந்த பம்பு இருக்குது.

இவங்களுக்கு ஒரு விழா எடுக்கணும்னு தோணல. நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டு ஓட்ட ஆரம்பிக்கலாம்கறாங்க. நான்தான் சொன்னேன், இத்தாப்பெரிய காரியத்தைச் சும்மா ஆரம்பிக்கறதா? பந்தல் போட்டேன். மைக் செட்டு. ஊராட்சித் தலைவரம்மாவைக் கூப்பிட்டேன். அந்தம்மா வரல, அவங்க ஊட்டுக்காரர்தான் வந்தார், ஊர்ல எல்லாரும் அவரைத்தான் தலைவர்ம்பாங்க. எல்லா எடத்துக்கும் அவர்தான் வருவார், அந்தம்மா வூட்டுல இருந்து கையெழுத்து மட்டும் போடும். கெட்டிக்கார மனுசன். மனைவி பேருல எல்லாக் காரியமும் இவரே பண்றார், ஆனா பெருமை பூரா அந்தம்மாவுக்குன்னு மைக்குல சொன்னார். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. என் நெலமையும் அதேதானே.

அன்னிக்குக் காலையில ஒரு தடவை எல்லாத்தையும் கடைசியாப் பாத்துரலாம்னு பேனட்டைத் தூக்குனேன். பாத்தா, மோட்டார்கிட்ட ரெண்டு தடி வயரு ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க போகுது, கத்திரிக்கோல் மாதிரி. தலைவர் வந்து பேனட்டைத் தொறந்து பாத்தா என்ன நெனப்பார்? மில்லுல எந்த வயரும் குறுக்க போகக் கூடாது, அது மொதப் பாடம். ஸ்பானரை எடுத்தேன். இதைக் கழட்டி அங்க, அதைக் கழட்டி இங்க. நேர் பண்ணிட்டேன். ரெண்டும் தண்டவாளம் மாதிரி அழகா நின்னுச்சு.

வண்டியோட ஆர்.சி. புக்கு எம்பேர்லதானுங்க இருக்குது. அதனால நான்தான் மொதல்ல ஓட்டணும்னேன். ருக்குமணி, “ஏனுங்க, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே”ன்னா. ஆமாங்க, நான் லைசென்ஸ் எடுக்கல. தேவைப்படல. ஆனா கிளட்ச் இல்ல, கியர் மாத்தற வேலை இல்ல, மேரி ரெண்டாவது கியர்லயே போட்டு வெச்சிருச்சு, மிதிச்சாப் போகும். இதுல தெரியறதுக்கு என்ன இருக்குது? பந்தலுக்கு முன்பக்கமா அம்பது அடி போயி நிறுத்தப்போறோம். ஊரே நிக்குது. மாலை போட்டாச்சு. வண்டிக்கு நாலு மாலை, எனக்கு ஒண்ணு. டேஷ்போர்டுல ஒரு செவப்புப் பொத்தான் அசிங்கமாத் துருத்திட்டு இருந்துச்சு, அது மேல ஒரு மாலையைத் தொங்க விட்டு மறைச்சுட்டேன்.

தலைவர் பந்தல்ல உக்காந்திருக்கார், வேனுக்குப் பின்னால. தேங்காய் ஒடைச்சாச்சு. நான் மிதிச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி. நீங்க வேற. முன்னாடி சீட்டுக்காரர் எதுக்குத் திரும்பறார்?

பின்னால போயிருச்சுங்க! நான் முன்னால பாத்துட்டு இருக்கேன், ஊரு எனக்கு முன்னால தூரமாப் போயிட்டே இருக்குது. பிரேக்கு எதுன்னு சட்டுனு காலுக்குத் தட்டுப்படல. இன்னும் மிதிச்சேன். பந்தக்கால் சாஞ்சுது, மைக்கு கீய்ங்குது. தலைவர் எந்திரிச்சு ஓடுனார், ஓடி ஓடி எங்கூட்டு மாட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள எறங்கிட்டார். பட்டுத் துண்டோட. ருக்குமணி பக்கத்துலயே ஓடியாந்து ஜன்னல்ல கையை விட்டு மாலையைப் பிச்செறிஞ்சு அந்தச் செவப்புப் பொத்தானை ஒரு அடி அடிச்சா. நின்னுருச்சு. தொட்டிக்கு ஒரு சாண் இருக்குது. யாருக்கும் ஒரு கீறல் இல்ல.

மேரி பேனட்டைத் தொறந்து பாத்துச்சு. “அண்ணா, இந்த வயரை யாருங்ண்ணா மாத்துனது?”

“மாத்தலம்மா. நேர் பண்ணுனேன்.”

அது முந்தானையை வாயில வெச்சுட்டு மாட்டுச் சாளைக்குப் பின்னால போயிருச்சு. முதுகு குலுங்கிட்டே இருந்துச்சு. அத்தனை நாள் பாடுபட்டது இப்படி ஆயிருச்சேன்னு அழுதிருக்கும், பாவம். ருக்குமணியும் ஆறுதல் சொல்லப் போச்சு. ரெண்டு பேரும் கால் மணி நேரம் அழுதாங்க.

ஆனா ஒண்ணு கவனிச்சுக்குங்க. இந்த மோட்டார் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுங்கறது அன்னிக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது. நிரூபிச்சது யாரு? ருக்குமணியா? மேரியா?

என்ன கேட்டீங்க? ஆபீஸ்ல அனுமதி எப்படிக் கெடைச்சுதுன்னா? அது ஒரு கதையே இல்லீங்க, அதை விடுங்க. சொல்லித்தான் ஆகணுமா? சரி. ஒரு காலேஜ்ல வண்டியைச் சோதிச்சு, பிரேக்கு, வயரு, எடை எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதை எடுத்துட்டு வண்டி ஆபீசுக்குப் போனா, ஃபாரத்துல ‘இஞ்சின் எண்’ணுன்னு ஒரு கட்டம் இருக்குது. இஞ்சினே இல்ல. கட்டத்தை நெரப்பாம ஃபாரம் வாங்க மாட்டோம்னுட்டாங்க. மோட்டார்ல ஒரு நம்பர் இருக்குது, அதை எழுதறோம்னா, அது ஃபோர்க்லிஃப்ட் நம்பர், ஃபோர்க்லிஃப்ட்டை ரோட்டுல ஓட்ட அனுமதி கெடையாதுங்கறாங்க. புகை சர்ட்டிபிகேட் கேட்டாங்க. புகை போறதுக்குக் குழாயே இல்லியேன்னா, குழாய் இல்லாத வண்டியில புகை இல்லைன்னு எப்படி நம்பறதுங்கறார் ஒருத்தர். நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய இஞ்சினைப் பின் சீட்டுல ஏத்தி வெச்சுட்டா நம்பரும் இருக்கும், ஒரு சைலன்சரைச் சும்மா தொங்க விட்டா குழாயும் இருக்கும்னு. ருக்குமணி ஒத்துக்கல.

அவ ரெண்டு நாள் அலைஞ்சா. மேரி ஒரு நாள் கடையை மூடிட்டு வந்துச்சு. கூட்டிட்டுப் போக வேன் இல்லாம அந்த ஒம்போது பொம்பளைங்களும் இருக்காங்க, கெடு முடியுது. கம்பெனிக்காரன்கிட்ட ருக்குமணி நேராப் போயி நின்னு, இன்னும் ரெண்டு மாசம் குடுங்க, அது வரைக்கும் எப்படியாவது கொண்டாந்து விடறேன்னு சொல்லி, வாடகைக்கு ஒரு டெம்போ பிடிச்சு ஓட்டிட்டிருந்தா. அப்பத்தான் ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தா. “நாளையில இருந்து அந்த ஆபீசுக்கு நீங்க போங்க”ன்னா. போயி என்ன பண்றதுன்னேன். “ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. உக்காருங்க. பேசுங்க”ன்னா. மேரி பக்கத்துல நின்னுட்டு, “அண்ணாவை விட்டா இதுக்கு வேற ஆளே கெடையாதுங்ண்ணா”ன்னுச்சு. எனக்கு உள்ளூரக் கோவம்தான். மோட்டார்கிட்டயும் வயர்கிட்டயும் இருக்க வேண்டிய ஆளைப் பெஞ்சுல கொண்டுபோயி உக்கார வெக்கறாங்களேன்னு. வூட்டை விட்டு என்னைக் கௌப்பறதுக்குத்தான்னு கூட நெனச்சேன்.

போனேன். பெஞ்சு ஆபீசர் ரூமு கதவுக்கு நேரா. கதவு சாத்தாது, தாழ்ப்பாள் போயிருச்சு. உக்காந்தேன். பேசுனேன். அவ்வளவுதானுங்க. நான் யாரு, எந்த மில்லு, என்ன நம்பர் நூலு ஓட்டுனோம், இருபது மெசினுக்கும் எந்தெந்த மெசின்ல என்னென்ன கோளாறு, ஸ்ட்ரைக்கு வந்த வருசம் என்ன ஆச்சு, எல்லாம். ஆபீசர் நல்ல மனுசன். மொத வாரம் நிமிந்து பாக்கல. ரெண்டாவது வாரம் ரூமை மாத்திக்கிட்டார், நானும் பெஞ்சை மாத்திக்கிட்டேன். மூணாவது வாரம் மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளிய போனார், நானும் போனேன். எனக்கு ஒரு சட்டமும் தெரியாது தம்பி, ஒரு பேப்பரும் கேக்கல, ஒருத்தரையும் திட்டல. அந்தப் பொம்பளைங்க பேரை மட்டும் தெனமும் ஒரு தடவை சொல்லுவேன். பேச்சு வாக்குல. சம்பூரணத்தையும் அவ தங்கச்சியையும் சேத்து பதினோரு பேரு. நாலாவது வாரம் நான் ஒரு பேரை விட்டுட்டேன், ஆபீசர் உள்ள இருந்து, “மாராத்தாளை விட்டுட்டீங்க”ன்னார்.

நாப்பத்தோராம் நாள். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். அவரே வெளிய வந்தார், கையில ஃபைலு. எம்பக்கத்துல பெஞ்சுல உக்காந்தார். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். “ஐயா, மேலாபீசுக்கு நாலு தடவை எழுதிட்டேன். இஞ்சின் எண்ணு கட்டத்தை அடிச்சுட்டு மோட்டார் எண்ணுன்னு கையால எழுதிக்கலாம்னு இன்னிக்கு ஆர்டர் வாங்கிட்டேன். நாளைக்கு வண்டியைக் கொண்டாங்க, ஓட்டிப் பாத்துட்டு கையெழுத்துப் போட்டுடறேன்”னார். பொறவு கொஞ்சம் தயங்கிட்டு, “கையெழுத்துப் போட்டா நாளன்னிக்கு நீங்க வர மாட்டீங்கள்ல?”ன்னார்.

“வர மாட்டனுங்க”ன்னேன்.

சொல்லிட்டேனே ஒழிய, எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு தம்பி. மில்லை மூடுன அன்னிக்கு இருந்த மாதிரி. நாளன்னிக்கு எங்க போறது? அவரும் உடனே எந்திரிக்கல. “அந்த பதினேழாம் நம்பர் மெசினு கடைசியில சரியாச்சுங்களா?”ன்னு கேட்டார்.

மறுநாள் ருக்குமணி ஓட்டிக் காட்டுனா. ஆபீசர் அடிக்கடி பிரேக்கு போடச் சொன்னார், நின்னுச்சு. மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னார், எடுத்துச்சு. கையெழுத்தாச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட எட்டரைக் கேட்டு தப்பல. ஒம்போது பேரும் போறாங்க. சம்பூரணத்தையும் தங்கச்சியையும் கம்பெனிக்காரன் திருப்பி எடுக்கலீங்க. சம்பூரணம் இப்ப மேரி கடையில காயில் கட்டப் பழகுது, கை நல்லாத் திரும்பிருச்சுங்கறாங்க. தங்கச்சி இன்னும் சும்மாதான் இருக்குது. எதுத்தாப்புல வந்தா மொகத்தைத் திருப்பிக்கும். ஏன்னே தெரியல.

என்னங்க தம்பி? இந்த ஆபீஸ் கதையை அந்தப் பேப்பர்ல சொல்றதா? நல்லாச் சொன்னீங்க போங்க. பெஞ்சுல உக்காந்து பேசறது ஒரு வேலையா? அதை எவன் வேணாப் பண்ணுவான். நான் சொல்லப்போறது மோட்டார் விசயம், காலண்டர், பேட்டரி தொடைச்சது, வயரு. டெக்னிக்கலா இருக்கணும். எத்தனை வோல்ட்டுன்னு மட்டும்...

இருங்க, போனு. அவதான்.

“ஆ, சொல்லு... பஸ்ஸுல... ஒரு வேலையா. ஏன் ருக்கு, நம்ம வேனு எத்தனை வோல்ட்டு? சும்மாதான் கேக்கறேன். எழுவத்தி ரெண்டா? சரி சரி... யாரு? அந்த கரடிவாவி ஊர்க்காரங்களா? அவங்க வேனையும் நீயும் மேரியும் கரண்டுக்கு மாத்திட்டீங்களா?... அந்த ஆபீசர் மாறிட்டாரா! எப்ப?... புது ஆளு ஃபைலைத் தொடவே மாட்டேங்கறாரா... எத்தனை பொம்பளைங்க அந்த வேன்ல?... பதினாலு. ம்... நாளைக்கா? எனக்கு ஆயிரம் வேலை இருக்குது ருக்கு. பாக்கலாம். பாக்கலாம்னு சொல்றேன்ல... தயிர்சாதமே கட்டிரு. ஊறுகா எலுமிச்சை.”

பாத்தீங்களா தம்பி? கேட்டீங்களா? அடுத்த வேனும் செஞ்சுட்டாங்க, என்னைக் கூப்பிடவே இல்ல. வயரு எப்படிப் போட்டிருக்காங்களோ, தெரியல. செஞ்சு முடிச்சுட்டு, பெஞ்சுக்கு மட்டும் நான் வேணும். ஒரு கண்டுபிடிப்பாளனுக்கு வந்த கெதியைப் பாருங்க. புது ஆபீசர் கண்டிசனான ஆளாம். வாயே தொறக்க மாட்டாராம். ரூமுக்குக் கதவு வேற போட்டுட்டாங்களாம், தாழ்ப்பாளோட. கதவு போட்டா என்ன? ஜன்னல் இருக்குமில்ல?

ஏனுங் கண்டக்டர்! ஒண்டிப்புதூர் வந்தாச் சொல்லுங்க... போயிருச்சா? எப்ப? மூணு தடவை கத்துனீங்களா? காதுல விழுகலீங்களே, பேசிட்டு இருந்தேன்.

பரவால்லீங்க. பேப்பர் ஆபீஸ் எங்க ஓடப்போகுது. நீங்க சிங்காநல்லூர்ல எறங்கறீங்களா? நானும் அங்கயே எறங்கிக்கறேன், ஒரு டீ குடிப்போம். பையைக் குடுங்க, நான் பிடிக்கறேன். அந்தப் புது ஆபீசர் ஈரோட்டுப் பக்கத்து ஆளாமா. ஈரோட்டுக்காரர்னா, மொதல்ல எதைப் பத்திப் பேச ஆரம்பிக்கலாம்கறீங்க?